பத்தியமே மருந்து: கோதுமை ஒவ்வாத உடலும் நம் குடும்பங்களும்

மருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் பத்தியம் என்ற சொல்லும் நினைவுக்கு வருவது தமிழ்க் குடும்பங்களின் இயல்பு. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பத்தியம், அம்மை கண்டவருக்கு ஒரு பத்தியம், மஞ்சட்காமாலைக்கு ஒரு பத்தியம் என்று வகுத்து வைத்த சமூகம் நம்முடையது. ஆனால் அவையெல்லாம் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ உரியவை. நோய் தீர்ந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பத்தியத்தை முறித்துவிடுவோம். பத்தியத்தைத் தவிர வேறு மருந்தே இல்லாததும், அப்பத்தியத்தை ஆயுள் முழுவதும் முறிக்கக் கூடாததுமான நோய் ஒன்று உண்டு. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமையையும் அதன் இனத்துத் தானியங்கள் சிலவற்றையும் உடல் ஏற்க மறுக்கும் நிலை அது. அதனைப் பற்றி இம்மாதம் நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

"அது சப்பாத்தி உண்ணும் வடநாட்டார் நோய், சோறு உண்ணும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிழைக்கும் ஊரின் உணவையும் பழகிக்கொண்ட நம்மைப் போன்றோருக்கு அத்தொடர்பு நாளுக்கு நாள் நெருங்கி வருகின்றது என்பதே நம் விடை. அதனை விளக்கக் கோதுமை இல்லாத ஒரு சமையலறையிலிருந்து தொடங்குவோம்.

கோபிநத்தத்துக் களியும் பரோட்டாவும்

ஒகேனக்கல்லுக்கு அண்மையில், மாதேசுவரன் மலைக்காடுகளின் ஓரத்தில், கர்நாடக எல்லைக்குள் கோபிநத்தம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. பல்லாண்டுகள் அவ்வூரின் பெயர் நாளேடுகளில் வேறொரு காரணத்தால் அடிபட்டது. அதனை ஈண்டு விடுவோம். அவ்வூர் மக்களிற் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். அவ்வூரை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. நாமெல்லாம் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வேற்று மாநிலம் வந்தோம். அவர்களோ வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர்.

அந்த மலையோர வட்டாரத்தின் பழைய உணவு ராகிக் களியும் கூழும், அரிசிச் சோறும், அவரையும் கொள்ளும், கீரையும் ஆகும். இவற்றுள் சீலியாக் நோயாளிக்கு ஆகாதது ஒன்றேனும் இல்லை. காரணம் எளியது. ராகி மாவைப் பிசைந்து இழுத்துப் பாருங்கள். அது நீளாது, பிட்டுக்கொண்டு போகும். அதனாலேயே ராகி ரொட்டியைக் கட்டையால் தேய்க்காமல் கையால் தட்டிச் சுடுகின்றோம். மைதா மாவோ அவ்வாறன்று. பரோட்டாக் கடைக்காரர் அதனை வீசி வீசித் துணிபோல விரிக்கின்றார். அது கிழியாமல் நீள்கின்றது. அவ்வாறு நீளச் செய்யும் பசைபோன்ற புரதத்துக்குக் குளூட்டன் என்று பெயர். இக்கட்டுரையில் அதனைப் பசையம் என்போம். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களிலும் நோயை விளைக்கும் பசையப் புரதங்கள் உள்ளன. அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம் ஆகியவற்றில் அவை இல்லை. பருப்பு வகைகளிலும் இல்லை.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் சிறுகுடலின் உட்சுவரில் வெல்வெட்டுத் துணியின் இழைகளைப் போலக் கோடிக்கணக்கான நுண்விரல்கள் நிற்கின்றன. அவற்றைக் குடலுறிஞ்சிகள் என்பர். உணவின் சத்தை உடலுக்குள் இழுத்துக் கொள்பவை அவையே. சீலியாக் நோயாளி கோதுமை உண்டால், அவருடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் பசையத்தைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கின்றது. அப்போரில் அழிபவை அவருடைய குடலுறிஞ்சிகளே. அவை தேய்ந்து சமதரையானபின், எவ்வளவு சத்துள்ள உணவை உண்டாலும் அது உடலிற் சேராமல் கழிந்துவிடுகின்றது. வீட்டில் பால், நெய், பழம் அனைத்தும் இருந்தும் பிள்ளை இளைத்துக்கொண்டே போவது இதனால்தான்.

இது செரியாமை அன்று. சிறிது காலம் நின்று போகும் ஒவ்வாமையும் அன்று. தொற்றுநோயும் அன்று. பரம்பரையில் வரும் கூறு ஒன்றும், பசையம் என்னும் உணவும் கூடினாலன்றி இந்நோய் தோன்றாது. கோதுமை உண்டவுடன் தடிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும் கோதுமை ஒவ்வாமை வேறு, இது வேறு.

ரொட்டி இல்லாத குளிர்காலம்

இந்நோயின் அடையாளங்களை 1888-ல் இலண்டன் டாக்டர் சாமுவேல் கீ தெளிவாக எழுதி வைத்தார். இதற்குத் தீர்வு இருக்குமானால் அது உணவிலேதான் இருக்கும் என்றும் அவர் கருதினார். ஆயினும் எந்த உணவு பகை என்பது அவருக்குப் புலப்படவில்லை. 1924-ல் அமெரிக்காவில் டாக்டர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முதன்மையாகக் கொண்ட பத்தியத்தால் குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்து இருப்பதாக உலகம் எண்ணியது. உண்மையில் அப்பத்தியத்தில் ரொட்டி இல்லை என்பதே அதன் மருந்து.

உண்மையைக் கண்டவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமையின் மேல் அவருக்கு 1930களிலேயே ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடும் பஞ்சம் நேர்ந்தது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரெல்லாம் பசியால் வாடியபோது, சீலியாக் நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர். பஞ்சம் நீங்கி ரொட்டி திரும்பியதும் அவர்கள் மீண்டும் நலிந்தனர். டிக்கே தம் ஆராய்ச்சியை 1950-ல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பட்ட ஆய்வேடாக அளித்தார். அதற்கு முன் இந்நோயால் மாண்ட குழந்தைகள் பலர். அதற்குப் பின், உணவை மாற்றியதாலேயே பிழைத்து முதுமை கண்டோர் எண்ணற்றோர்.

தென்னாட்டில் ஏன் மறைந்து நின்றது?

தமிழ்நாட்டில் நாள்பட்ட வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கண்டால் மருத்துவர்களின் எண்ணம் வேறு திசைகளிற் செல்வது வழக்கமாயிருந்தது. அதற்கு நியாயமும் உண்டு. குடற்புழு, குடற்காசம் ஆகியவை ஒருபுறம். மறுபுறம் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய். இதுவும் குடலுறிஞ்சிகளைத் தேய்க்கவல்லது. 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய்போற் பரவியதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் அவருடைய குழுவினரும் விரிவாக ஆராய்ந்தனர். அந்நோய் உயிர்க்கொல்லி மருந்துக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் கட்டுப்படுவது. சீலியாக் நோயோ அவற்றுக்குக் கட்டுப்படாது. ஒன்றை மற்றொன்றென்று எண்ணினால் ஆண்டுகள் வீணாகும்.

வேலூரில் நீண்டகாலம் பணியாற்றிய டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் பிற மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்த ஆய்வு அது. வடக்கில் 100 பேரில் 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கில் 0.10 பேருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. அதாவது நம் பக்கத்தில் ஆயிரத்தில் ஒருவர். அவர்கள் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக வடக்கில் 455 கிராம். வடகிழக்கில் 37 கிராம். தெற்கில் 25 கிராம்.

இதுவரை கேட்டால், நமக்கு அச்சமில்லை என்றே தோன்றும். ஆனால் அவ்வாய்வு பரம்பரைக் கூற்றையும் அளந்தது. நோய்க்கு இடங்கொடுக்கும் அக்கூறு வடக்கில் 100-ல் 38 பேரிடமும், வடகிழக்கில் 31 பேரிடமும், தெற்கில் 36 பேரிடமும் இருந்தது. வடநாட்டாருக்கும் நமக்கும் இதில் வேறுபாடு இல்லை என்றே கூறலாம். வடகிழக்கில் கோதுமை குறைந்தும் நோய் மிகுந்திருப்பதால், உண்ணும் அளவு ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவதற்கில்லை. அக்கூறு உடையவரிலும் மிகச் சிலருக்கே நோய் வருகின்றது. ஆயினும் ஒன்று உறுதி. நம்மில் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோரின் உடலில் இடங்கொடுக்கும் கூறு இருக்கின்றது. நாம் கோதுமை மிகுந்த ஊர்களுக்குக் குடிபெயர்ந்திருக்கின்றோம்.

கோபிநத்தம் போன்ற ஊரில் ராகியுண்டு வளர்ந்த ஒரு குடும்பம் மைசூருக்கோ, தில்லிக்கோ, இலண்டனுக்கோ, டொரண்டோவுக்கோ செல்வதாக வைத்துக்கொள்வோம். காலையில் ரொட்டியும், பள்ளிக்கு நூடுல்ஸும், மாலையில் பிஸ்கட்டும், இரவில் சப்பாத்தியும் ஆகிவிடுகின்றன. சொந்த ஊரிலுங்கூட இன்று பரோட்டாவும் பன்னும் நுழையாத தெரு இல்லை. ஆதலால் "தமிழருக்கு இந்நோய் வராது" என்ற பழைய எண்ணத்தைக் கைவிடுதல் நலம்.

ஐயம் கொள்ள வேண்டியது எப்போது?

பிள்ளை வளரவில்லை என்றால் நம் பாட்டிமார் மாந்தம் என்பர், சவலை என்பர், கணை என்பர், திருட்டி கழிப்பர். அன்பினாற் செய்வது அது. ஆனால் பிள்ளையின் தேற்றத்துக்கென்று நாம் ஊட்டுவது எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் வறுத்து அரைக்கும் சத்துமாவில் கோதுமையும் பார்லியும் சேர்வது உண்டு. புட்டியில் வரும் மால்ட் பானங்கள் பலவற்றில் பார்லியும் கோதுமையும் உள்ளன. காய்ச்சல் கண்டவருக்கு ரொட்டியும் பன்னும் வாங்கிச் செல்வது நம் வழக்கம். சீலியாக் நோயுற்ற பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் நோயை வளர்க்கும் தீனியாகிவிடுகின்றன. பிள்ளை மேலும் மெலிய, தாய் மேலும் ஊட்டுவாள். இக்கொடுமை நேராதிருக்கவே அடையாளங்களை அறிதல் வேண்டும்.

பிள்ளைகளுக்கு: நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், அடிக்கடி வாந்தி, எடை ஏறாமை, வயதுக்கேற்ற உயரமின்மை, பூப்பெய்தல் தாமதம், பற்களின் மேற்பூச்சில் குறைபாடு.

பெரியோருக்கு: இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை, ஓயாத களைப்பு, எலும்பு வலுவிழத்தல், வாய்ப்புண், காரணம் தெரியாத மலட்டுத்தன்மை, மீண்டும் மீண்டும் கருச்சிதைவு, கடுமையான அரிப்போடு கூடிய கொப்புளங்கள். பெரியோரிற் பலருக்கு வயிற்றுப்போக்கே இராது. சிலருக்கு மலச்சிக்கலே இருக்கும். இதனாலேயே நோய் பல்லாண்டு ஒளிந்து கிடக்கின்றது.

முதல்வகை நீரிழிவு உடையோருக்கும், தைராய்டு சுரப்பியில் தன்னெதிர்ப்பு நோய் உடையோருக்கும் இது சற்று மிகுதியாக வரும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகியோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இருக்கக்கூடும். ஆகவே அவர்கள் அனைவரும், நோயின் குறி இல்லாவிடினும், ஒரு முறை சோதித்துக்கொள்ளுதல் முறை.

சோதனைக்கு முன் பத்தியம் வேண்டா

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வோர், இதனைக் கொள்வார்களாக: சோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முதற்சோதனை இரத்தத்தில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருளை அளப்பது. அடுத்தது, வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியிற் காண்பது. குழந்தைகளுக்கு இரத்தச் சோதனையின் அளவு மிக உயர்ந்திருப்பின், மற்றோர் இரத்தச் சோதனையால் உறுதி செய்து, துணுக்கு எடுக்காமலே முடிவு கூறும் வழியும் இப்பொழுது உண்டு. அதனை மருத்துவரே தீர்மானிப்பார். கோதுமையை முன்னரே நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும். குடல் ஆறத் தொடங்கும். நோய் இருந்தும் இல்லை என்று விடை வரும். பின்னர் உண்மையறிய மீண்டும் வாரக்கணக்கிற் கோதுமை உண்டு துன்புற நேரும்.

நோய் இல்லாதவர், நாகரிகம் கருதியோ உடல் மெலியவோ கோதுமையை விலக்குவதால் பயன் இல்லை. கோதுமை நல்ல தானியமே. ஒவ்வாதவருக்கு மட்டுமே அது பகை.

அளவு எவ்வளவு?

"ஒரு வாய் உண்டால் என்ன ஆகிவிடும்?" என்பது நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி. ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் பசையம் இருக்கும். நாள்தோறும் 50 மில்லிகிராம் பசையம் மூன்று மாதம் உட்கொண்டால் குடலுறிஞ்சிகள் கெடத் தொடங்குவதை 2007-ல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. அஃதாவது ஒரு சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு பங்கு. விரல் நுனியில் ஒட்டும் துணுக்கு. பசையமற்றது என்று சீட்டு ஒட்டி விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருத்தல் கூடாது என்பது உலக உணவு விதி. இந்தியாவின் விதியும் அதுவே. உண்டவருக்கு உடனே வயிற்றுவலி வராமற் போகலாம். வலி இல்லாமையால் கேடு இல்லை என்று எண்ணுவதே பெருங்கேடு.

தமிழ்ச் சமையலறையில் ஒளிந்திருக்கும் கோதுமை

மேல்நாட்டு நூல்களில் ரொட்டி, கேக்கு, பாஸ்டா என்று எழுதியிருப்பர். நம் அடுக்களைக்கு அப்பட்டியல் போதாது. நாம் கவனிக்க வேண்டியவற்றைக் கீழே தருகின்றோம்.

பெருங்காயம்: இதுவே முதற் பகை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் தூய காயம் சிறு பங்கே. மீதி மைதா மாவோ அரிசி மாவோ பிசினோ ஆகும். மைதா கலந்ததை இட்டால் சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு யாவும் ஆகாதவை ஆகின்றன. அரிசி மாவு மட்டும் கலந்ததென்று சீட்டில் தெளிவாக எழுதியிருப்பதையே வாங்குக. இல்லையேல் பூண்டும் சீரகமும் தட்டிப் போடுக.

ரவையும் சேமியாவும்: உப்புமா, கேசரி, ரவா தோசை, ரவா இட்டலி, சேமியாப் பாயசம் அனைத்தும் கோதுமையே. சம்பா கோதுமை பழமையானது, ஆகையால் தீங்கில்லை என்பது தவறு. அதிலும் பசையம் உண்டு.

பெயரால் மயக்குபவை: ராகி சேமியா, ராகி பிஸ்கட்டு, பல தானிய ஆட்டா ஆகியவற்றின் சீட்டைப் படித்தால் பெரும்பாலும் கோதுமையோ மைதாவோ சேர்ந்திருக்கும். முன்பக்கத்துப் படத்தை நம்பாமல் பின்பக்கத்து எழுத்தைப் படித்தல் வேண்டும்.

இனிப்பும் பலகாரமும்: பாதுஷா, சோமாசி, ஜிலேபி மைதாவால் ஆனவை. அதிரசம், கொழுக்கட்டை, முறுக்கு, எள்ளுருண்டை வீட்டிற் செய்தால் அச்சமில்லை. கடலைமாவு இனிப்புகளிலும் பஜ்ஜி மாவிலும் கடைக்காரர் மைதா சேர்ப்பதுண்டு. பூரி பொரித்த எண்ணெயில் வடை பொரித்தால் வடையும் ஆகாது.

மற்றவை: சோயா சாறு, கடைப் பொடிகள், சூப்புப் பொடி, பார்லித் தண்ணீர். ஓட்சில் இயல்பாக இப்பசையம் இல்லை எனினும் கோதுமை கலந்தே சந்தைக்கு வருவது மிகுதி. பசையமற்றதெனச் சான்று பெற்றதையும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. வெளிநாட்டில் வாழும் குடும்பங்கள் செமோலினா, டூரம், ஸ்பெல்ட், கஸ்கஸ், புல்கர், மால்ட் ஆகிய சொற்களைச் சீட்டிற் கண்டால் விலக்குக. அவை யாவும் கோதுமையின், அல்லது பார்லியின், மாற்றுப் பெயர்களே.

மாவு மில்லும் திரிகையும்

ராகியும் கம்பும் இயல்பிலே தூயவை. ஆயினும் அவற்றைத் தெரு மில்லில் அரைத்தால் என்ன நேரும்? முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துச் சென்றிருப்பார். கல்லிலும் குழாயிலும் தங்கிய மாவு நம் ராகியோடு கலந்து வரும். கடையில் அளந்து விற்கும் சிறுதானிய மாவுகளைச் சோதித்த ஆய்வாளர்களும் இக்கலப்பைக் கண்டிருக்கின்றனர். நோயாளி பத்தியம் காத்தும் தேறவில்லை என்றால், பலமுறை குற்றம் இவ்விடத்தேதான் இருக்கும்.

இதற்கு வழி, தானியத்தை முழுதாக வாங்கி, கோதுமை மணி கலந்திருந்தால் பொறுக்கி நீக்கி, கழுவி உலர்த்தி, வீட்டிலேயே அரைப்பது. மலையோர வீடுகளில் பாட்டிமார் சுழற்றிய திரிகைக்குக் கோதுமையின் வாடையே தெரியாது. இன்று திரிகை இல்லாவிடினும் மிக்சியோ வீட்டு மாவு இயந்திரமோ இருக்கின்றது. அதனைக் கோதுமைக்குப் பயன்படுத்தாமல் தனியே வைத்தாற் போதும். அரிசியும் உளுந்தும் மட்டும் ஆட்டும் கிரைண்டரால் தீங்கில்லை.

பாத்திரங்களிலும் சில தனியே வேண்டும். தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, பூரிக்கட்டையும் பலகையும் ஆகிய இவற்றில் மாவு தங்கும். ஆதலால் நோயாளிக்கென ஒரு தொகுதி வைக்கலாம். எவர்சில்வர்ப் பாத்திரங்களை நன்கு தேய்த்துக் கழுவினால் போதும். வீட்டில் மற்றவருக்குச் சப்பாத்தி இடும் நாளில், நோயாளியின் உணவை முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டுப் பின்னர்க் கோதுமை மாவைத் திறக்க வேண்டும்.

இப்பத்தியத்துக்கு விலையுயர்ந்த பசையமற்ற ரொட்டியும் கேக்கும் வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. மேல்நாட்டார் தம் உணவை இழந்து மாற்று தேடுகின்றனர். நமக்கோ இட்டலி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை, களி என்று தலைமுறைகள் சமைத்து வைத்த உணவே பத்தியம் ஆகின்றது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. எலும்பு நலிந்த இந்நோயாளிக்கு அது பெரும் துணை. கம்பில் இரும்புச்சத்து மிகுதி. தொடக்கத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி ஆகியவை மருத்துவர் சொற்படி தேவைப்படலாம். குடல் ஆறும் வரை சிலருக்குப் பாலும் ஒவ்வாது. பின்னர்ப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சில வாரங்களிலேயே பசியும் தெளிவும் திரும்பக் காணலாம். குடல் முற்றும் ஆற மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். குழந்தைகளுக்கு விரைவில் ஆறும். அவ்வாறு தேறிய நிலையில்தான் சோதனை வருகின்றது. பிள்ளை கொழுகொழுவென்று ஆனதும் "நோய் போயிற்று, இனிக் கொஞ்சம் கொடுக்கலாம்" என்று பத்தியத்தை முறிப்போர் பலர். நோய் போகவில்லை, உணவு மாறியதால் அடங்கியிருக்கின்றது. பத்தியம் முறிந்தால் மீண்டும் எழும். பல்லாண்டு அசட்டையாக விட்டால் எலும்பு முறிவும், அரிதாகக் குடற்புற்றும் நேரக்கூடும்.

பந்தியும் பள்ளியும் மணமும்

இந்நோயாளிக்கு நோயைக் காட்டிலும் கடினமானது விருந்து. வந்தவரை வற்புறுத்தி உண்ணச் செய்வது நம் பண்பு; உண்ண மறுப்பவர் நம்மை மதிக்கவில்லை என்று மனம் வாடுவதும் உண்டு. திருமண வீட்டில் கேசரி, கோயிலில் ரவைப் பிரசாதம், பெருநாளில் சேமியா, தேவாலயத்தில் கோதுமை அப்பம் என்று எத்திசையிலும் இக்கட்டு வரும். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிறர்க்கு அளித்தால் பத்தியும் குறையாது, பத்தியமும் குறையாது. நற்கருணைக்கு மிகக் குறைந்த பசையமுள்ள அப்பம் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்கப்பட்டுள்ளது. பங்குக் குருவிடம் முன்னரே கூறி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பள்ளிப் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே உணவு கொடுத்தனுப்புவதோடு, ஆசிரியருக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையிடம் நோயை மறைக்காதீர்கள். "எனக்குக் கோதுமை ஆகாது" என்று கூச்சமின்றிச் சொல்லக் கற்ற பிள்ளையே தோழரின் பிறந்தநாள் கேக்கை மறுக்க வல்லது.

பெண் மக்களைப் பற்றி ஒரு சொல் தனித்துக் கூற வேண்டும். மணப்பேச்சு நடக்கையில் இந்நோயை மறைக்கும் பெற்றோர் உண்டு. மறைத்து மணம் முடித்த பெண், புகுந்த வீட்டில் எல்லாரோடும் சப்பாத்தி உண்ண வேண்டியவளாகின்றாள். சில ஆண்டுகளில் இரத்தசோகையும் கருச்சிதைவும் வருகின்றன. பழி மீண்டும் அவள் மேலேயே விழுகின்றது. பத்தியம் காக்கும் பெண் மற்றப் பெண்களைப் போலவே படிக்கலாம், பணி செய்யலாம், பிள்ளை பெறலாம். ஆகவே வெளிப்படையாகச் சொல்லி, "எங்கள் மகளுக்குச் சோறும் களியும் போதும்; கோதுமை மட்டும் வேண்டா" என்று கேட்பதில் இழிவில்லை. அவ்வளவும் தர மனமில்லாத வீட்டை முன்னரே அறிந்துகொள்வதும் நன்மையே.

நம் சங்கம் செய்யத்தக்கது

இப்பத்தியத்தை ஒருவர் தனியே காக்க இயலாது. சமைப்பவர், பரிமாறுபவர், விருந்துக்கு அழைப்பவர் யாவரும் சேர்ந்து காக்க வேண்டும். நம் விழாக்களில் பந்தி வைக்கும்பொழுது கேசரிக்கு மாறாக அரிசிப் பாயசமோ சருக்கரைப் பொங்கலோ செய்யலாம். பெருங்காயம் சேராத ரசம் ஒரு பாத்திரம் தனியே எடுத்து வைக்கலாம். எதில் கோதுமை உண்டு, எதில் இல்லை என்று ஓர் அட்டையில் எழுதிப் பாத்திரத்தின் முன் நிறுத்தலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பந்தியின் ஓரத்தில் தண்ணீர் மட்டும் அருந்தி அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை, அன்று மற்றப் பிள்ளைகளோடு இலை போட்டு உண்ணும்.

வீட்டில் எவருக்கேனும் மேற்கூறிய குறிகள் இருப்பின், காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். "சீலியாக் நோயாக இருக்குமோ?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். தமிழ்ப் பெயரைக் கண்டு அந்த எண்ணமே தோன்றாத மருத்துவருக்கும் அக்கேள்வி நினைவூட்டும். கேட்பதற்கு ஒரு நொடி போதும். கேளாமல் விட்டால் ஒரு பிள்ளையின் வளரும் பருவமே கடந்து போகும்.